மணல்மூட்டை மேல் வைத்த குவளை

வாசலில் நின்ற போலீஸ் கோப்ரல் என் கணவரின் பைக்குள் கையை விட்டு அடிவரை துழாவினார். ரொட்டி வந்தது. திராட்சை ரசப் புட்டி வந்தது. வெள்ளைத் துணியில் பொதிந்த வெள்ளிக் கிண்ணம் வந்தது. அதோடு அவர் நிறுத்தியிருந்தால் எல்லாரும் நேரத்தோடு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருப்போம். மனிதர் நிறுத்தவில்லை.

பையின் அடியில் இன்னொரு பொட்டலம் இருந்தது. பழைய கைலித் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டது. அவிழ்த்தார். விளிம்பில் நீலக்கோடு ஓடிய எனாமல் குவளை. ஒரு பக்கம் எனாமல் பெயர்ந்து கறுப்பாக இருந்தது.

"இனி சியாப்பா புஞ்ஞா?" என்றார். இது யாருடையது என்று அர்த்தம்.

என் கணவர் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் வாத்தியார், கோயிலுக்கு அவர்தான் உபதேசியார். பேச்சுதான் அவர் பிழைப்பு. ஜெபம் ஆரம்பித்தால் பிள்ளைகள் தூங்கிவிடும், அப்படிப் பேசுவார். அவர் வார்த்தையில்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கல்யாணப் புடவையின் மடிப்புகூடக் கலையாத புதுப்பெண் நான்.

சோறு வெளியே போகக் கூடாத காலம்

இந்தத் தொடரைப் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு மலாயாவின் அவசரகாலம் என்றால் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம். எங்களுக்கு அது முள்கம்பி. கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தில், சிதறிக் கிடந்த தொழிலாளர் லயத்து வீடுகளையெல்லாம் பிரித்து ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் வேலி போட்டார்கள். ஒரே ஒரு வாசல். வாசலில் மணல்மூட்டைகள், துப்பாக்கியோடு போலீஸ்காரர்கள்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதுதான் சட்டம். அரிசியைப் பொதுவில் வேகவைத்துக் கொடுத்தார்கள். பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போகிறவர் மடியில் ஒரு பிஸ்கட்டுகூட இருக்கக் கூடாது. பசித்தால் வாசலுக்குள் திரும்பி வந்து சாப்பிட வேண்டும். சாப்பிட மனம் இருக்குமா என்பது வேறு விஷயம்.

எங்கள் கோயில் மட்டும் வேலிக்கு வெளியே, ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்றுபோனது. பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது, அதில் சிலருக்குச் சந்தோஷம்தான். மாதம் ஒரு ஞாயிறு கோலாலம்பூரிலிருந்து போதகர் காவலோடு வருவார். அன்றைக்கு மட்டும் நாங்கள் கூட்டமாக வாசலைத் தாண்டலாம். நற்கருணைக்கு வேண்டிய ரொட்டியையும் ரசத்தையும் விடச்சொல்லித் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். ஆனாலும் கோப்ரல் ரொட்டியைப் பிளந்து உள்ளே பார்ப்பார், ரசத்தை மோந்து பார்ப்பார். அன்றைய அப்பத்தை முதலில் பிட்டவர் எப்போதும் அவர்தான்.

கோப்ரல் ஹம்சா கெட்டவர் இல்லை. தஞ்சோங் காராங்கில் நெல் போடும் குடும்பம். அறுவடைக் காலத்தில் ஊர் ஞாபகமாகவே இருப்பார். ஆனால் அந்த வாரம் அவர் முகத்தில் சிரிப்பில்லை. தோட்டத்துக்கு அப்பால் காட்டுக்குள் ஒரு குடிசையைப் பிடித்திருந்தார்கள். ஆட்கள் தப்பிவிட்டார்கள். கிடைத்தவை கரிப்பானையும் எனாமல் குவளைகளும். தோட்டத்திலிருந்து யாரோ கொடுத்து அனுப்புகிறார்கள் என்று மேலிடத்தில் கத்தினார்களாம்.

இந்த நேரத்தில் உபதேசியாரின் பைக்கு அடியில், துணியில் ஒளித்து, ஒரு எனாமல் குவளை.

பிடித்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். மளிகைக்கடையில் வேலை செய்த ஒருவரை, வெளியே கொண்டுபோன ஒரு சார்டின் மீன் டின்னுக்காக லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரணையும் இல்லை, ஒன்றும் இல்லை. பல மாதம் கழித்து அவரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. அவர் பெண்டாட்டி இங்கேயே நின்றுவிட்டாள். அதே லோரி அன்றும் வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

இருமல்காரர்களின் குவளை

எனக்கு அந்தக் குவளையைத் தெரியும். நானே கழுவியிருக்கிறேன்.

நான் ரவாங்கில் பிறந்தவள். அப்பா ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர், காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுப்பவர். அங்கே எங்கள் கோயிலில் ஒரே கிண்ணம்தான் சுற்றி வரும். கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த முதல் நற்கருணையில் இரண்டைப் பார்த்தேன். முன்பெஞ்சுகளில் கணக்கெழுதும் கிராணிமார், வேலைவாங்கும் மண்டோர்மார், அவர்கள் சொந்தபந்தங்கள். அவர்களுக்கு வெள்ளி. பின்பெஞ்சில் இருந்தவர்களுக்கு எனாமல்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பின்னாடி இருக்கறவங்கள்ல இருமல்காரங்க நெறைய பேரு. தொத்திக்கும்ல, அதான்" என்றார் என் கணவர்.

டிரெஸ்ஸர் மகளுக்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? காசநோய் மனிதர்களை எப்படி உருக்கும் என்று பார்த்து வளர்ந்தவள் நான். நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? ஆடாதொடை இலையைக் கொதிக்கவைத்து, தேன் கலந்து, புட்டியில் ஊற்றி எடுத்துக்கொண்டு பின்பெஞ்சு ஞானம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். பால்மரம் வெட்டுகிறவர், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். "இருமலுக்கு நல்லது அக்கா, காலையிலயும் ராவுலயும் குடிங்க" என்று சொன்னேன்.

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். புட்டியை வாங்கிக்கொண்டார். "நல்லா இருங்க வாத்தியாரம்மா" என்றார்.

ஞானம்மா அக்கா சொன்னது

கோப்ரல் மறுபடி கேட்டார். கோயில் சாமான் என்றார் என் கணவர். அது இருக்கிறதே, இது எதற்கு என்று வெள்ளிக் கிண்ணத்தைக் காட்டினார் கோப்ரல். இதில் யார் குடிப்பார்கள்? கோயிலுக்கு வருகிறவர்கள்தான். பிறகு ஏன் தனியாக? ஏன் ஒளித்து வைத்தாய்?

இருமல்காரர்களுக்கு என்று சொல்லிவிடுங்களேன் என்று எனக்குள் கத்தினேன். அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அப்போது புரியவில்லை. அந்த 'இருமல்காரர்கள்' அத்தனை பேரும் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தார்கள்.

கோப்ரல் லோரிப் பக்கம் கையைக் காட்டினார். இரண்டு போலீஸ்காரர்கள் என் கணவரின் தோளைப் பிடித்தார்கள். முன்பெஞ்சுக்காரர்களில் ஒருவர்கூட அசையவில்லை. பெரிய கிராணி காலில் கிடந்த தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசையின் கடைசியிலிருந்து ஞானம்மா அக்கா நடந்து வந்தார். "இத்து கமி புஞ்ஞா, துவான்" என்றார். அது எங்களுடையது.

கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தாரிடம் மீன் வாங்கிப் பழகியவர், மலாய் சரளமாக வரும். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "அவங்க குடிக்கிற கிண்ணத்துல எங்க வாய் படக்கூடாது. அதனால எங்களுக்குத் தனிக் குவளை. வேற ஒண்ணும் இல்ல. வாத்தியார விட்டுடுங்க."

"சாக்கிட்?" என்று கேட்டார் கோப்ரல். நோயா?

"நோயெல்லாம் இல்ல. நாங்க பொறந்த பொறப்பு."

கோப்ரலுக்குப் புரியவில்லை. ஒரு கையில் வெள்ளியையும் மறு கையில் எனாமலையும் வைத்துக்கொண்டு எங்கள் வரிசையை மேலும் கீழும் பார்த்தார். இவர்களெல்லாம் ஒரே கோயிலா என்று கேட்டார். ஆமாம். ஒரே சாமியா? ஆமாம்.

"துஹான் சத்து, சவான் டுவா?"

கடவுள் ஒன்று, கோப்பை இரண்டா? கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். மற்ற போலீஸ்காரர்கள்தான் சிரித்தார்கள்.

என் கஷாயப் புட்டி ஞாபகம் வந்தது. அதை வாங்கிக்கொண்டபோது அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. அப்படியே தரைக்குள் போய்விட வேண்டும்போல இருந்தது.

கோப்ரல் என் கணவரை விடச் சொன்னார். வெள்ளிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தார். குவளையைக் கொடுக்கவில்லை. "ஒன்று போதும், போ" என்று மலாயில் சொல்லி, எனாமல் குவளையை மணல்மூட்டை மேல் வைத்துவிட்டார்.

கப்பலில் வந்த சாமான்

எங்கள் போதகருக்குத் திருச்சபை வரலாறு என்றால் உயிர். வரும்போதெல்லாம் ஒரு பங்கு சொல்வார். அதற்கு முந்தின மாதம்தான் இயேசுவின் சீடர் பேதுருவைப் பற்றிச் சொல்லியிருந்தார். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யூத ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து ஒதுங்கிக்கொண்டார். இன்னொரு அப்போஸ்தலரான பவுல் விடவில்லை, எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேரே கேட்டார். சபையின் ஆரம்பச் சண்டைகளில் ஒன்று சாப்பாட்டுப் பந்தியில் யாரோடு யார் உட்காருவது என்பதுதான் என்று போதகர் அழகாக விளக்கினார். நாங்களும் தலையாட்டினோம். பிரசங்கம் முடிந்ததும் இறங்கி வந்து இரண்டு கோப்பைகளிலும் ரசம் ஊற்றினார். ஒருவருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை!

பிற்காலத்தில் நானாகத் தேடிப் படித்தேன். தமிழ்நாட்டுக்குக் கப்பலேறி வந்த மிஷனரிமாரில் சிலர் இதை எதிர்த்திருக்கிறார்கள். சிலர் போகட்டும், நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்று விட்டிருக்கிறார்கள். தனிப் பாய், தனி வரிசை, தனிக் கோப்பை. ஓர் ஊரில் கோயிலுக்கு நடுவே சுவரே எழுப்பினார்களாம். ஒரே கோப்பை என்று கண்டிப்புப் பண்ணினால் குடும்பம் குடும்பமாகச் சபையை விட்டே போயிருக்கிறார்கள். ஆண்டவரை விடலாம், அதை விட முடியவில்லை.

சரி, அங்கே நடந்தது அங்கே. இங்கே எப்படி வந்தது? மலாயாவுக்கு வந்த கப்பலில் எங்கள் மாமனாரும் ஞானம்மா அக்காவின் தகப்பனும் ஒரே தளத்தில் படுத்து, ஒரே அண்டாவில் வெந்த சோற்றைச் சாப்பிட்டுத்தான் வந்தார்கள். வாந்திகூடப் பக்கத்தில் பக்கத்தில்தான் எடுத்திருப்பார்கள். கரையிறங்கியதும் பெட்டிக்குள்ளிருந்து முதலில் எடுத்து வைத்தது இதைத்தான்.

கைதட்டல்

இதையெல்லாம் இந்த வாரம் எழுத வைத்தது எங்கள் சபையின் ஆண்டு விழா. உண்மையில் போன வாரம் விட்ட இடத்திலிருந்து என் முதல் பிரசவத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை.

தோட்டம் போய், வீடமைப்புத் திட்டம் வந்து, கோயில் டவுனில் ஒரு கடைவீட்டு மாடிக்கு வந்துவிட்டது. குளிர்சாதனம் உண்டு. ரசம் இப்போது ஆளுக்கொரு குட்டிப் பிளாஸ்டிக் கோப்பையில் வருகிறது, குடித்துவிட்டு எறிந்துவிடலாம். புதிதாக வந்திருக்கும் இளம் போதகர் தங்கமான பையன். மேடையில் நின்று, "நம்ம சபையில ஆரம்பத்துல இருந்தே ஒரே கிண்ணம்தான். சாதியெல்லாம் நம்ம வாசல்லயே நின்னுடுச்சு" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் இந்தப் பிள்ளைக்கு?

கீழே தேநீர் குடிக்கும்போது ஒரு தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகளுக்கு வரன் பார்க்கிறாள். "பையன் உங்க ரவாங்தான் லா பாட்டி. நல்ல வேலை, கோயில்ல கித்தார் வாசிக்கிறான். ஆனா அவங்க என்ன ஆளுங்கன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா?" சற்று முன்பு கைதட்டிய அதே கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

அவளை நான் திட்டவில்லை. "ஒரு குவளையைப் பத்தி எழுதுறேன், படி" என்றேன். படிக்கிறாள் என்றே நம்புகிறேன்.

பின்பெஞ்சு

அன்று வாசலைத் தாண்டிக் கோயிலுக்குப் போகும் வழியில் ஞானம்மா அக்கா பக்கத்தில் போய் நடந்தேன். அவர் என் புருஷனைக் காப்பாற்றியிருக்கிறார், நன்றி சொல்ல வேண்டும். அதற்குள் அவரே திரும்பினார். "எனக்கு இருமலே கிடையாது வாத்தியாரம்மா" என்றார். "ஆனா அந்தக் கஷாயம் நல்லா இருந்திச்சு."

கோயிலில் என் கணவரும் போதகரும் பெரிய கிராணியும் பீடத்துக்குப் பக்கத்தில் கிசுகிசுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் வழி பிறந்துவிட்டது. ஒரே கிண்ணம், ஆனால் முன்பெஞ்சு முதலில், பின்பெஞ்சு கடைசியில். சிரமமே இல்லை. தலைமுறை தலைமுறையாக இருந்த சட்டம் ஒரு கோப்ரலின் உத்தரவுக்கு அரை மணி நேரத்தில் வளைந்து கொடுத்தது. எனக்கு அதுவே அதிர்ச்சி.

முன்பெஞ்சு எழுந்து போனது. நானும் முழங்காலிட்டுக் குடித்தேன். ரசம் அன்று புளித்திருந்தது. இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தேன். போதகர் கிண்ணத்தோடு பின்பெஞ்சைப் பார்த்து நின்றார்.

யாரும் எழவில்லை.

"வாங்க" என்றார் போதகர். வெளியே ரப்பர் காய் வெடிக்கிற சத்தம் கேட்டது. இன்னொரு முறை கூப்பிட்டார்.

ஞானம்மா அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். "ஐயா, எங்க குவளை வாசல்ல இருக்கு. போலீஸ்காரரு அதப் புடுங்கி வச்சதால இதுல குடிக்கச் சொல்றீங்க. நீங்களா கூப்பிட்டிருந்தா என்னைக்கோ வந்திருப்போமே."

வரலாறு முழுவதும் படித்த போதகர் கிண்ணத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு ஆசீர்வாதம் சொல்லி முடித்தார்.

துணி

திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தது. வாசலில் கோப்ரல் ஹம்சா மணல்மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குவளையில்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். வேறு மதத்துக்காரர், யார் வாய் வைத்தது என்று நன்றாகத் தெரிந்தவர், காலையில் தன் காதாலேயே கேட்டவர். அவருக்கு அது கோப்பி குடிக்க வசதியான ஒரு குவளை, அவ்வளவுதான். கடைசி மடக்கைக் குடித்து, மிச்சத்தைத் தரையில் உதறி, சட்டை நுனியால் துடைத்து, "தெரிமா காசே, சிக்கு" என்று என் கணவரிடம் நீட்டினார். நன்றி வாத்தியாரே என்று சிரித்தார்.

என் கணவர் கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்து வாங்கினார். காலையில் அந்தக் குவளைக்கு உரிய ஞானம்மா அக்காதான் அவரை லோரியிலிருந்து மீட்டார். என் கணவர் பைக்குள்ளிருந்து அந்தப் பழைய கைலித் துணியை எடுத்தார். குவளையைச் சுற்றினார். முடிச்சுப் போட்டார். வெள்ளிக் கிண்ணத்தில் பட்டுவிடாமல் அடியில் வைத்தார். அவருக்கே தெரியாமல் கை அதைச் செய்தது.

என் கணவர் நல்லவர். ஞானம்மா அக்காவின் மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்தவர். அதனால்தான் அந்த முடிச்சைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறியது. கெட்டவர் செய்திருந்தால் இத்தனை வருஷம் நினைவில் இருந்திருக்காது.

"வாத்தியாரே, அத இங்க குடுங்க."

பின்னால் ஞானம்மா அக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றார். என் கணவர் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அக்கா நிதானமாக முடிச்சை அவிழ்த்தார். குவளையைத் தன் இடுப்பில் அணைத்துக்கொண்டார். துணியை மடித்து என் கணவர் கையில் வைத்தார்.

"துணி உங்களுது."

அவ்வளவுதான். போய்விட்டார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

அடுத்த மாதம் பின்பெஞ்சுகள் காலியாக இருந்தன. அதற்கடுத்த மாதமும். ஞானம்மா அக்காவின் லயத்தில் அவர்களாகவே கூடி ஜெபிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அங்கே போதகர் இல்லை, ரசம் இல்லை. ஜெபம் முடிந்ததும் அந்தக் குவளையில் கோப்பி சுற்றி வருமாம். போய் அவர்களைக் கூப்பிட வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தது, யார் போவது என்பதில் நின்றுபோயிற்று. காலிப் பெஞ்சுகளைப் பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இளம் போதகரே, நீங்கள் மேடையில் சொன்னது முழுப்பொய் இல்லை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு எங்கள் கோயிலில் ஒரே கிண்ணம்தான்.